ஆடிக்குள் திறந்துவிடும்

ஜூன் 9

கோப்பு சென்னையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மூன்று வருட உழைப்பு. கடைவீதிக்கு அடியில் சுரங்கம் தோண்டி லைட் ரயில் என்கிற சின்ன நகர ரயிலைக் கொண்டுபோக இவ்வளவு செலவழிக்க முடியாது, பாதியாகக் குறைத்துக் கொடுத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் திட்டத்தைக் கைவிடலாம் என்று இரண்டே வரியில் எழுதியிருக்கிறார்கள்.

இயக்குநர் சுலோச்சனா காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "கோகிலா, திட்டப் பிரிவு உன்னுதுதானே. எங்க வெட்டலாம்னு நீயே சொல்லு."

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். சாந்தாமணி அக்கா அரிசிம்பருப்பு சாதம் ஆக்கியிருந்தாள். நாச்சிமுத்து மாமா கடையை அடைத்துவிட்டு வந்து கேட்டதும் சிரித்தார். "பாதியா? நீ சீர்ப் பாத்திரம் வாங்க வர்ற கூட்டத்தப் பாத்ததில்ல அம்மிணி. எல்லாரும் மொதல்ல பாதிக்குத்தான் கேப்பாங்க. நாமதான் எங்க கொறைக்கலாம்னு பாக்கணும்." அக்கா மகள் அபி எனக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை. கடைகள் திறக்கும் முன்னே கடைவீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தேன். நடுவில் மாமாவின் பாத்திரக் கடை. எதிரில் சலாவுதீன் பாயின் பை, குடைக் கடை. இந்த வீதியில்தான் அக்காவுக்குக் கல்யாணமாகி வந்தபின் நான் வளர்ந்தேன். அப்பா இறந்த வருடம் மாமாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டார். கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் அவர் பெயர்.

நடந்துகொண்டே இருக்கும்போது தோன்றியது. சுரங்கம் எதற்கு? ரயில் தரையிலேயே போகட்டும். கார், வேன், லாரிகளைப் பக்கத்து வீதிகளில் திருப்பிவிட்டால் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஜனங்கள் தாராளமாக நடக்கலாம். பூமிக்கடியில் நிலையம் வேண்டாம், நகரும் படிக்கட்டு வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். பஸ் நிறுத்தம் மாதிரி ஒரு மேடை, மேலே ஒரு கூரை, போதும்.

அடுத்த பெரிய செலவு, பூமிக்குள் இருக்கிற குழாய்களையெல்லாம் தோண்டி நகர்த்துவது. தண்டவாளத்தின் அடித்தளத்தை ஆழம் குறைவாகப் போட்டால் பெரும்பாலான குழாய்களை இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாட்டை மறந்து எழுதினேன். வேலையில் இவ்வளவு சந்தோஷம் கிடைத்து ரொம்ப நாளாகிறது.

ஜூலை 11

இன்னும் பாதிக்கு வரவில்லை. ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். "பகல்ல கடை, ராத்திரி வேலைன்னா மூணு வருஷம் ஆகுமுங்க மேடம். தெனமும் தோண்டி தெனமும் மூடணும். அதுக்குத்தான் நாங்க இந்த வெலை போடறோம்" என்றார் அதில் மூத்தவர்.

"வீதியை முழுசா மூடிக் குடுத்தா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஏழு மாசம்."

பொங்கல் முடிந்து மூடினால் ஆடிக் கடைசிக்குள் திறந்துவிடலாம். ஆவணி முகூர்த்தங்களுக்கு வீதி தயாராக இருக்கும். ஆடியில் எப்படியும் வியாபாரம் மந்தம்தான். மூன்று வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைவிட ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வது கடைக்காரர்களுக்கும் நல்லதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது.

ஜூலை 19

குழுக் கூட்டம். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். மேடைகளின் கல் தளம் போய் சிமெண்டுத் தளம் வந்தது. கண்ணாடிக் கூரை போய் தகரம். ரயில் பெட்டிகளை நமக்கென்று தனியாக வடிவமைக்காமல், ஏற்கெனவே வேறு ஊர்களில் ஓடுகிற மாதிரியையே வாங்குவது என்று முடிவானது. இதெல்லாம் நான் சொன்னவைதான்.

வீதி மூடியிருக்கும் காலத்தில் கடைக்காரர்களுக்கு உதவித்தொகை என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டார்கள். "ஏழே மாசம்னு நீங்களே சொல்றீங்க. அதுக்குள்ள எதுக்கு உதவி? இங்க கொடுத்தா நாளைக்கு ஊர் பூரா கேப்பாங்க" என்றார் நிதித் துறையிலிருந்து வந்தவர். இயக்குநர் என்னைப் பார்த்தார். மணி ஆறாகியிருந்தது. நான் தலையசைத்தேன்.

தோசை மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாகப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17

இன்றைய தினத்தை முழுக்க எழுதிவைக்க வேண்டும்.

வியாபாரிகள் சங்கக் கூட்டம். மண்டபம் நிறைய ஆட்கள். நான் படங்களைக் காட்டிப் பேச ஆரம்பித்ததுமே கூச்சல். "வீதிய மூடினா கடைய மூடுன்னு அர்த்தம்!" "எங்களுக்கு ரயிலும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்!" சலாவுதீன் பாய் எழுந்து, "ஏம்மா, ஏழு மாசம் நாங்க காத்தையா சாப்பிடறது?" என்று கேட்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து மாமா எழுந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. கூச்சல் தானாக அடங்கியது. முப்பது வருடமாக இந்த வீதியில் யாருடைய கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக நிற்கிற மனிதர்.

"இந்தப் பொண்ணு யாருன்னு எல்லாருக்கும் தெரியும். என்ற கொழுந்தியா. நம்ம வீதியில வளந்தது. நம்ம வீதி நாசமாப் போகட்டும்னு அது நெனைக்குமா? வண்டி நிறுத்த எடமில்லாம, ஆளு நடக்க வழியில்லாம, வர்ற கிராக்கியெல்லாம் பெரிய பெரிய மாலுக்குப் போறாங்கல்ல? பத்து வருஷம் கழிச்சு நம்ம புள்ளைங்க இங்க கடை வெக்கணுமா வேண்டாமா? ஆடிக்குள்ள தொறந்துருவேன்னு அது சொல்லுது. தொறக்கும். நான் பொறுப்பு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லு அம்மிணி. ஆடிக்குள்ள தொறந்துரும்ல?"

"திறந்துரும் மாமா."

கை தூக்கச் சொன்னபோது முக்கால்வாசிக் கைகள் எழுந்தன. சலாவுதீன் பாய் கடைசியாக, மாமாவைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

செப்டம்பர் 26

ஒப்புதல் வந்துவிட்டது! இயக்குநர் அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். அக்காவுக்குப் போன் செய்தபோது அழுதுவிட்டாள். "அப்பா இருந்திருந்தா..." என்றாள்.

ஜனவரி 18

புது டைரி. பதினெட்டு நாள் தாமதம். கை ஒழியவில்லை.

இன்று காலை வீதியின் இரு முனைகளிலும் தடுப்பு வைத்தோம். மாமா கடை வாசலில் நின்று முதல் இயந்திரம் தார்ச்சாலையைப் பெயர்ப்பதைப் பார்த்தார். தொழிலாளர்கள் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

பிப்ரவரி 27

வேலை அட்டவணைக்கு முன்னால் போகிறது. இயக்குநரே கீழே இறங்கி வந்து பார்த்தார். கடைகளுக்கு நடந்துபோக இருபுறமும் பலகை போட்டிருக்கிறோம். துணி, பை, செருப்பு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். சீர்ப் பாத்திரம் வாங்குகிறவர்கள் வேன் கொண்டுவருவார்கள், அண்டா குண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் நடக்க முடியாது. மாசி முகூர்த்த வியாபாரம் கொஞ்சம் குறைவுதான் என்றார் மாமா. "கொஞ்சம்தான். ஆவணியில புடிச்சுக்கலாம்."

மார்ச் 30

அபியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பையன் ஈரோடு, சொந்தமாக மஞ்சள் மண்டி. பெயர் கிருபாகரன். அபி என்னைத் தனியாக இழுத்துப்போய் போனில் படம் காட்டினாள். "நல்லாப் பேசறாங்க சித்தி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் காது சிவந்திருந்தது.

அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தங்கச் சரடு எங்கே என்று கேட்டதற்கு, வெயிலுக்குக் கசகசக்கிறது என்றாள். இந்த வருடம் வெயில் அதிகம்தான்.

மே 11

நிச்சயம் நன்றாக நடந்தது. கல்யாணம் ஐப்பசியில். மாப்பிள்ளை வீட்டார் பேச்சு கொஞ்சம் கறாராக இருந்தது. இவ்வளவு நகை, இவ்வளவு சீர் என்று. "தர்றோமுங்க. ஆவணி வியாபாரம் முடிஞ்சா எனக்கென்ன கஷ்டம்?" என்றார் மாமா. அபியும் கிருபாகரனும் மாடிப்படியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அபி சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், சின்ன வயதுப் பழக்கம். இன்று பொத்தவில்லை.

மாமா இளைத்திருக்கிறார். சர்க்கரைக்காக நடைப்பயிற்சி போகிறாராம். நல்லதுதான்.

ஜூன் 21

மழை.

ஜூன் 22

நேற்று பெய்த மழையில் வீதியின் கிழக்கு முனை உள்ளே இறங்கிவிட்டது. போட்டு முடித்த தண்டவாளத்தோடு. யாருக்கும் காயமில்லை, கடவுள் புண்ணியம். அடியில் ஒரு பழைய கல் வடிகால் இருந்திருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாதது. அதன் ஒரு பக்கச் சுவர் சரிந்து மண்ணையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முழங்கால் அளவுச் சேற்றில் நாள் முழுக்க நின்றேன்.

ஜூன் 25

வடிகால் வீதியின் மொத்த நீளத்துக்கும் ஓடுகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கு நேர் அடியில். குழாய்களைத் தொடாமல் மேலாகவே போட்டுவிடலாம் என்ற என் யோசனை அந்த இடங்களில் செல்லாது. பெயர்த்து, வடிகாலைக் கட்டி, மறுபடி போட வேண்டும்.

ஒப்பந்தக்காரர் சொன்ன தேதியை நான் இரண்டு தடவை கேட்டேன். தீபாவளி தாண்டும்.

மாமாவிடம் இன்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 3

மாமாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வீதியில் தெரியாதது என்ன இருக்கிறது?

கடையில் அவர் ஒருவர்தான். வேலைக்கு நிற்கிற இரண்டு பையன்களும் நோம்பிக்கு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார். இப்போது எந்தப் பண்டிகை என்று நான் கேட்கவில்லை. அடுக்கியிருந்த பாத்திரங்களின் மேல் சிமெண்டுத் தூசி. அவர் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்தார்.

"கடைக்காரங்களுக்கு எதாச்சும் உதவி ஒதுக்கியிருக்காங்களா அம்மிணி? எனக்கில்ல. பாய் ரொம்பச் சிரமப்படறாரு. அவுரு கேக்கச் சொன்னாரு."

"முதல்ல இருந்துது மாமா. அப்புறம் எடுத்துட்டாங்க."

ஒரு சொம்பைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "செரி, போச்சாது விடு. நீ என்ன பண்ணுவ?"

எடுத்தபோது நானும் அங்கே இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு அம்மா டிபன் பாக்ஸ் கேட்டு வந்துவிட்டார். இன்றைய முதல் வியாபாரம் போலிருக்கிறது. மாமா எழுந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

ஆடி இன்றோடு முடிகிறது.

ஆகஸ்ட் 28

வியாபாரிகள் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். இயக்குநர் வெளியே போய்ப் பேசினார். நானும் பின்னால் நின்றேன். உதவித்தொகை கேட்டார்கள். "அந்தத் தொகையை எடுத்தப்ப திட்டப் பிரிவும் ஒத்துக்கிட்டதுதாங்க. இப்ப என் கையில ஒண்ணும் இல்ல" என்றார் இயக்குநர். அவர் சொன்னதில் பொய் இல்லை.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக மாமா பக்கம் திரும்பின. அவர் கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். செருப்புக் கடைக்காரர் ஒருவர் உரக்கவே சொன்னார்: "பொறுப்புன்னு சொன்ன ஆளு நிக்கறாரு பாருங்க."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல வெயில்.

செப்டம்பர் 19

இந்த மாதம் அக்கா வீட்டுக்குப் போகமுடியவில்லை. வடிகால் வேலை. சிறுவாணித் தண்ணீர் வருவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறேன், தொட்டி காலியாகவே கிடக்கிறது.

அக்டோபர் 24

தீபாவளி. அக்கா வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனேன். அக்கா வாசல்வரை வந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்ல மறந்துவிட்டாள். தலைவலியாம்.

நவம்பர் 8

ஈரோட்டுச் சம்பந்தம் சரிப்படவில்லையாம். மாமா போனில் சொன்னார். ஜாதகத்தில் ஏதோ என்றார். நிச்சயம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஜாதகம் பார்த்திருக்கிறார்கள்.

அபியிடம் பேசினேன். "நான் அழலீங்க சித்தி. நெஜமாத்தான்" என்றாள். "அவங்க மூணு நாளா போன் எடுக்கல" என்றாள் பிறகு.

டிசம்பர் 6

மாமா கடையைக் காலி செய்கிறார். கட்டிடக்காரருக்கு வாடகை பாக்கி. சரக்கை மொத்தமாக ஒரு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். வெண்கலம் தனியாக, பித்தளை தனியாக, எவர்சில்வர் தனியாக. மேல் அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்கிக் கொடுக்க நான் ஏணியில் ஏறினேன்.

"எறங்கு" என்றாள் அக்கா.

இறங்கினேன்.

"இத்தன நாளா எங்க போயிருந்த?"

"அக்கா, அப்படி ஒரு வடிகால் இருக்கறது யாருக்குமே தெரியாதுக்கா. வரைபடத்துலயே இல்ல."

"தெரியாததப் பத்தி நான் கேக்கல." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "கடைக்காரங்களுக்குக் குடுக்கறதுன்னு எழுதியிருந்தத எடுத்தாங்கல்ல, அன்னிக்கு அந்த ரூம்புல நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"என்ன சொன்ன?"

என்ன சொல்வது? ஏழு மாதத்தில் முடியும் என்று நான் நம்பினேன். அந்த ஒரு வரிக்காகச் சண்டை போட்டிருந்தால் கோப்பு மறுபடி திரும்பி வந்திருக்கலாம், திட்டமே போயிருக்கலாம். நம் ஊருக்கு இது வேண்டும், இன்னமும் வேண்டும்.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னியா?" என்றாள் அக்கா.

மாமா நடுவில் வந்தார். "விடு சாந்தா. எடை போடறவர் காத்துட்டிருக்காரு."

"நீங்க பேசாதீங்க. உங்க பேரச் சொல்லித்தான அவ கைதூக்க வெச்சா? ஒரு வீதியே உங்க மூஞ்சியில துப்புது. எம்புள்ளைக்கு வந்த வாழ்க்கை போச்சு. இவ போன வருசம் லட்டு வாங்கித் தின்னா." என் பக்கம் திரும்பினாள். "இனி எங்க வீட்டுப் படி ஏறாத."

தராசில் அடுத்த சுமையை ஏற்றினார்கள்.

டிசம்பர் 7

அலுவலகம் போனேன். சோதனை ஓட்டத்துக்கான ஏற்பாடுகள்.

ஜனவரி 20

அக்கா வீட்டார் திருப்பூர் போய்விட்டார்கள். அங்கே ஒரு பெரிய பாத்திரக் கடையில் மாமாவுக்கு வேலை. விற்பனைப் பிரிவு. சலாவுதீன் பாய் சொல்லித்தான் தெரியும். "நின்னுக்கிட்டே இருக்கற வேலைம்மா. இந்த வயசுல" என்றார் பாய். பிறகு அவரே பேச்சை மாற்றி, வீதி நடக்கிறவர்களுக்குத் திறந்ததிலிருந்து கூட்டம் நன்றாக வருகிறது, தன் கடையில் வியாபாரம் முன்னைவிடக் கூட என்றார். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

பிப்ரவரி 22

ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது.

மேடை, பந்தல், பேச்சு. நாட்டில் மிகக் குறைந்த செலவில் முடிந்த நகர ரயில்களில் ஒன்று என்றார்கள். தாமதச் செலவைச் சேர்த்தும் முதல் மதிப்பீட்டில் பாதிக்குக் கீழேதான். என் பெயரையும் சொன்னார்கள். கைதட்டலில் எழுந்து நின்றேன்.

கூட்டத்தின் நடுவில் மாமா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார். அக்காவிடம் அவிநாசியில் ஒரு துக்கம் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

இருவரும் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது. அவர் கை வைத்து இருக்கையைத் தடவிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சத்தமே வரவில்லையே என்றார். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒருவரிடம், "இது என்ற கொழுந்தியா. இந்த ரயிலே இது போட்டதுதான்" என்றார். அந்த ஆள் மரியாதையாக எனக்கு வணக்கம் சொன்னார்.

பழைய கடை வந்தது. இப்போது அது செல்போன் கடை. வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்னால் தெரிந்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன ஜனம் நடக்குது பாரு அம்மிணி" என்றார்.

"மாமா, நான் அன்னிக்குப் பேசியிருக்கணும்."

"பேசியிருந்தா ரயிலு வந்திருக்காது."

"வந்திருக்கலாம்."

அவர் துண்டை எடுத்து மறுபடி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வந்திருக்கலாம்" என்றார்.

பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டேன். கால்கள் வீங்கியிருந்தன, செருப்பின் வார் சதையில் பதிந்திருந்தது. நெடுநேரம் நிற்கிறவர்களுக்கு வருவதுதான் என்றார்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. குழாய் ஒழுகுகிறது. ஆள் வரவில்லை.

மே 19

வேறு நகரத்திலிருந்து பொறியாளர்கள் வந்திருந்தார்கள், இங்கே எப்படிச் செய்தோம் என்று கற்றுக்கொள்ள. வீதியை முழுசாக மூடுவது பற்றி நிறையக் கேட்டார்கள். கடைக்காரர்களுக்கு முதலிலேயே ஒதுக்குங்கள், முதல் வரியாக எழுதுங்கள், மற்றதை அப்புறம் வெட்டுங்கள் என்றேன். "அப்ப செலவு கூடுமே மேடம்" என்றார் ஒருவர். கூடும் என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

மே 26

மத்தியானம் வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். உங்களைப் பார்க்க ஒரு பெரியவர் வந்திருக்கிறார் என்று.

மாமா. கையில் மஞ்சள் பை. என் அறைக்குள் வந்ததும் பையிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தார். அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்து, மேலே பத்திரிக்கையை வைத்து, நின்றபடியே இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அபிக்குக் கல்யாணம். ஜூன் நாலு, திருப்பூரில். மாப்பிள்ளை பனியன் கம்பெனியில் வேலை. வயது கொஞ்சம் கூட, ஆனால் நல்ல குணம் என்றார். பத்திரிக்கையில் சித்தி என்று என் பெயரும் இருந்தது. அக்கா பார்த்திருப்பாளா?

"உக்காருங்க மாமா. டீ சொல்றேன்."

அவர் உட்காரவில்லை. "உனக்குப் பத்திரிக்கை வெக்காம என்னால ஒரு கல்யாணம் பண்ண முடியாது கண்ணு. ஊர்ல மொதப் பத்திரிக்கை சாமிக்கு வெச்சேன். ரெண்டாவது இது."

"வந்துருவேன் மாமா. முந்தின நாளே வந்துருவேன்."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அதில்ல அம்மிணி." குரல் உடைந்தது. மாமா அழுது நான் பார்த்ததில்லை. "நீ வந்தா மண்டபத்துல இருக்கமாட்டேன்னு உன்ற அக்கா சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கா. பெத்தவ இல்லாம அந்தப் புள்ள எப்படி மணையில உக்காரும்? நான் எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பத்திரிக்கைய வாங்கிக்க. ஆனா வராத கண்ணு."

வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டார். என்னை வளர்த்த மாமா, என்னை. நானும் கும்பிட்டேன்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரயில் நிறுத்தத்தில் ஏறாமல் பஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்.

ஜூன் 3

விடுப்பு எடுத்திருந்தேன். அதை ரத்து செய்யவில்லை.

ஜூன் 4

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. எனக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை. பூக்காரம்மா வந்தபோது மல்லிகை வாங்கினேன். "விசேஷமாங்க?" என்றாள். அக்கா மகளுக்குக் கல்யாணம் என்றேன். "அப்பறம் இன்னும் இங்கயே நிக்கறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அபி. பின்னால் நாதஸ்வரமும் தவிலும் பந்திச் சத்தமும்.

"சித்தி, எங்க இருக்கீங்க? வந்துட்டீங்களா?"

"இல்ல கண்ணு."

"வழியிலயா? தாலி கட்டறப்பக்கூட வாசலத்தான் பாத்துட்டிருந்தேன். எல்லாரும் மாப்பிள்ளையப் பாருன்னு கேலி பண்ணிட்டாங்க. பத்திரிக்கை வெச்சாச்சு, சித்தி கண்டிப்பா வந்துருவான்னு அப்பா சொன்னாரே?"

மாமா அவளிடம் சொல்லவில்லை. அம்மா செய்த சத்தியத்தை மணப்பெண்ணிடம் எப்படிச் சொல்வார்? புருஷன் வீட்டுக்குப் போகிற அன்றைக்கு அம்மாவை வெறுத்துக்கொண்டு போகவா?

"வர முடியல கண்ணு. திடீர்னு வேலை வந்துருச்சு. வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"இன்னிக்குமா சித்தி?"

"ஆமா."

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"முடியல அபி."

"அம்மா உங்களப் பத்திச் சொல்றப்பெல்லாம் நான் சண்ட போடுவேன் சித்தி. உங்களுக்காக. அவளுக்கு வேலைதான் பெருசு, நாம யாருமில்லேன்னு அம்மா சொல்லும். அப்படியெல்லாம் இல்லம்மான்னு நான் சொல்லுவேன்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா சொன்னது செரிதான் போல."

நான் மறுத்துச் சொல்லவில்லை.

"நல்லா இருங்க சித்தி" என்று வைத்துவிட்டாள்.

பூ வாடுவதற்குள் எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டேன். புடவையை மாற்றினேன். குழாய் ரிப்பேர்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

அபியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.